மதுரை ஜங்ஷனிலிருந்து நாலு பக்கம்: ப்ளஸ் டூ முடித்த நான்கு பெண்களுக்கு ஒரு பதில்

கேள்வி: நாங்கள் நான்கு பேர், எல்லோரும் பெண்கள், வில்லாபுரம் பக்கம். இந்த மார்ச்சில் ப்ளஸ் டூ பரீட்சை முடிந்தது. காலேஜ் சேர்வதற்குள் சேர்ந்து எங்காவது போய்வர ஆசை. ஆளுக்கு 3,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒருத்தி கோவா என்கிறாள், ஒருத்தி கொடைக்கானல் என்கிறாள். "ராத்திரி வெளியே தங்குற பேச்சே எடுக்காதீங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எங்களில் ஒருத்தி நீட் எழுதுகிறாள், மே மாதம் வரை அவளால் வர முடியாது. எங்கே போகலாம்?

பதில்:

வீட்டில் சொன்னதைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் உங்கள் நிலைமையில் நான் அந்த நிபந்தனையைத்தான் முதலில் பிடித்துக்கொள்வேன். காரணம் ஒழுக்கமும் இல்லை, ஊர் வாயும் இல்லை. உங்களில் பாதிப் பேருக்காவது இன்னும் பதினெட்டு ஆகியிருக்காது. பதினெட்டு ஆகாதவர்கள் தனியாக வந்து நின்றால் பெரும்பாலான லாட்ஜில் அறை கொடுக்க மாட்டார்கள். என் அக்கா மகள் ப்ளஸ் டூ முடித்த வருஷம் தோழிகளோடு ஒரு மலை ஊருக்குப் போனாள். ஆன்லைனில் பணம் கட்டிப் பதிவு செய்த விடுதிதான். இரவு எட்டு மணிக்கு ஆதாரை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "கூடப் பெரியவங்க யாரும்மா?" என்று கேட்டாராம் மேலாளர். பணமும் திரும்பவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து விடியற்காலை மூன்று மணிக்கு ஆரப்பாளையத்தில் வந்து இறங்கினார்கள். கோவா பேச்சை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள். அது எங்கும் ஓடிப்போகாது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்தவள். வருஷா வருஷம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுலா போனதில், எது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதைவிட எது பிடிக்காது என்பது நன்றாகத் தெரியும். வேனில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து, இறங்கி, ஏழு 'பாயின்ட்' பார்த்து, போட்டோ எடுத்து, வாந்தி எடுத்துத் திரும்புவது பிடிக்காது. ரயில் பிடிக்கும்.

மதுரைக்காரர்கள் நாம் அதிகம் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. நம் ஜங்ஷனிலிருந்து நாலு பக்கம் தண்டவாளம் போகிறது. வடக்கே திண்டுக்கல், தெற்கே விருதுநகர், கிழக்கே மானாமதுரை வழியாக ராமேஸ்வரம், மேற்கே தேனி வழியாக போடி. கடல், மலை, கோட்டை, பால்கோவா எல்லாம் ஒரு பகல் தூரத்தில். காலையில் ஏறி ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கிச் செலவழிக்கும் பணத்தில் இந்த நாலு பக்கமும் போய்வரலாம். பயணங்களை அடுத்தடுத்த நாளில் வைக்காமல், வாரம் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் வேலை ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் அந்தச் சான்றிதழ், இதெல்லாம் கையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததற்கு ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் ரிசல்ட் வந்ததும் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். இன்ஜினியரிங் விண்ணப்பமும் கலைக் கல்லூரி விண்ணப்பமும் அதே சமயத்தில் வரும். ராமேஸ்வரத்தில் நிற்கும்போது அப்பா போன் செய்து "அந்த சர்டிபிகேட் எங்கேடி?" என்று கேட்டால் கடல் ரசிக்காது.

இனி ஒவ்வொரு திசையாக.

ராமேஸ்வரத்தைக் கடைசியாக வையுங்கள். நீட் தேர்வு வழக்கமாக மே முதல் ஞாயிறு வாக்கில் வரும். அது முடிந்து உங்கள் தோழி ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழுந்த பிறகு போங்கள். அவள் இல்லாமல் போகக் கூடாத பயணம் இது ஒன்றுதான்.

மதுரையிலிருந்து காலையில் கிளம்பும் பாசஞ்சரில் ஏறுங்கள். டிக்கெட் ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும், முன்பதிவு தேவையில்லை. நேரம் அவ்வப்போது மாறும், முந்தின நாள் 139-க்குப் போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் பாதை வைகையை ஒட்டியே பரமக்குடி வரை போகும். மே மாதத்தில் வைகை மணலாகத்தான் இருக்கும், பரவாயில்லை, அதையும் பாருங்கள். 258 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குகிறது. வெள்ளம் மிஞ்சிய வருஷத்தில்தான் கடலைப் பார்க்கும். மானாமதுரை தாண்டும்போது அங்கேதான் கடம் செய்கிறார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் தட்டுகிற கடம். அந்த மண்ணுக்கும் கைப்பக்குவத்துக்கும் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

பரமக்குடிக்குப் பிறகு சீமைக் கருவேலம், பனை, வெள்ளை வெயில். தூக்கம் வரும். மண்டபம் வருவதற்குள் எழுந்துவிடுங்கள். பாம்பன் பாலம் 1914-இல் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் ஆட்கள் நெம்புகோலைத் தள்ளித் திறப்பார்கள். அது தளர்ந்துபோய், 2022 டிசம்பரில் ரயில் நின்றது. பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் கடலைத் தாண்டி ஒரு ரயிலும் போகவில்லை. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் துண்டு, லிஃப்ட் மாதிரி அப்படியே நேராக மேலே எழும்பும். நீங்கள் போகும்போது கப்பல் வராது, அது எழும்புவதைப் பார்க்க முடியாது. ஆனால் ரயில் அதன் மேல் மெதுவாகத்தான் போகும். ராமேஸ்வரம் நோக்கிப் போகையில் இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. படிக்கட்டில் தொங்காதீர்கள், காற்று சும்மா அடிக்காது.

இறங்கியதும் எல்லாரும் நேராகத் தனுஷ்கோடிக்கு ஓடுவார்கள். அது தப்பு. அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது, நண்பகலில் மணல் வறுக்கும். முதலில் கோயிலுக்குப் போங்கள். ஒரு மணி வாக்கில் நடை சாத்துவார்கள், அதற்குள் பார்த்துவிடலாம். ஆயிரம் தூணுக்கு மேல் நிற்கும் அந்தப் பிராகாரத்தில் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள். 22 தீர்த்தத்தில் குளித்தால் ஈரத் துணியோடு மீதி நாளை ஓட்ட வேண்டும், அதனால் அம்மாவோடு வரும்போது குளித்துக்கொள்ளலாம். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மேல், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு பஸ் பிடியுங்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல் தூரம். 2017-இல் தார்ச்சாலை வந்தது, அதற்கு முன் ஜீப்பில் மணலில் குலுங்கித்தான் போக வேண்டும்.

ஒரு காலத்தில் சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம். ஒரே டிக்கெட். போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் உள்ளே இருந்த நூறு பேருக்கு மேலானவர்களோடு கடலுக்குள் போனது. சர்ச், ஸ்டேஷன் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

முனையில் இரண்டு கடலையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அமைதியாக இருப்பதைப் பெண் கடல் என்றும், இரைவதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். இரண்டிலும் இறங்காதீர்கள். பெண் கடலிலும் முனையில் இழுப்பு அதிகம். மாலை ஐந்து மணி வாக்கில் போலீஸ் எல்லாரையும் கிளப்பிவிடும், திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகு மீன்பிடிக்கத் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். ராமேஸ்வரம் துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான படகு வரிசையாக நிற்பதை அப்போதுதான் பார்க்க முடியும். மீன் சாப்பாடு விலை கூட இருக்கும், சாதா சாப்பாடே சாப்பிடுங்கள். பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிறது. நேரமிருந்தால் இறங்கலாம், இல்லையென்றால் ரயிலை விட்டுவிடாதீர்கள்.

மேற்கே போடி. முதல் பயணமாக இதை வையுங்கள், தூரம் குறைவு, தொண்ணூறு கிலோமீட்டர்தான். பழைய மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதை தேனி வரை வர 2022 ஆனது, போடிக்கு 2023 ஜூன். நீங்கள் எல்.கே.ஜி. சேர்வதற்கு முன் நின்ற ரயில், பத்தாம் வகுப்புப் பக்கம் வரும்போது திரும்ப வந்திருக்கிறது. உசிலம்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும், ஆண்டிபட்டிக் கணவாய். அங்கே ஜன்னலோரம் இருங்கள். கணவாய் தாண்டியதும் காற்றே வேறு.

போடியில் இறங்கி மூணாறு பஸ்ஸில் ஏறிப் போடிமெட்டில் இறங்குங்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு. வயிறு ஒத்துக்கொள்ளாதவள் முன் சீட்டில் உட்காரட்டும், காலையில் பூரி சாப்பிட வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று ஒன்பதாம் வகுப்பில் எழுதினீர்களே, அதை உடம்பு இங்கேதான் படிக்கும். மேலே பார்க்க என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டீக்கடை, மூடுபனி, ஏலக்காய்த் தோட்டம், கேரள எல்லை. அதுதான் அதன் நல்ல குணம். ஒரு மணி நேரம் நடந்து, டீ குடித்து, கீழே இறங்கி, போடியில் நூறு கிராம் ஏலக்காய் வாங்கி அம்மாவிடம் கொடுங்கள். அடுத்த பயணத்துக்கு அனுமதி எளிதாகக் கிடைக்கும்.

போடி போனவர்கள் குரங்கணியைப் பற்றி விசாரிப்பார்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி அந்த மலையில் காட்டுத் தீயில் சிக்கி இறந்தவர்கள் 23 பேர். பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள், அவர்களில் நிறையப் பெண்கள். மார்ச், ஏப்ரலில் போதப்புல் காய்ந்து கிடக்கும், மேட்டில் தீ மனிதனைவிட வேகமாக ஏறும். வனத்துறை இப்போது 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது, 2024-இல் நாற்பது பாதைகளோடு தொடங்கியது. தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். மழைக்குப் பிறகு காலேஜ் தோழிகளோடு போங்கள். யாரோ ஒரு அண்ணன் "எனக்கு வழி தெரியும்" என்றால் மட்டும் போகாதீர்கள்.

மலையேற ஆசையில்லாதவர்களுக்கு அதே ரயிலில் இன்னொரு பயணம் சொல்கிறேன். தேனியில் இறங்கிக் கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் போங்கள். கூடலூருக்குள் நுழையும்போதே, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுவிக்கின் படம் மாட்டாத கடை குறைவு என்பது தெரியும். மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார்கள். அவருக்கு மணிமண்டபம் லோயர் கேம்பில் இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகை அணைக்கு வந்து, உங்கள் வில்லாபுரம் குழாய் வரை வருகிறது. நான் வகுப்பில் வருஷா வருஷம் வரைபடம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். முதல் தடவை அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் ராட்சதக் குழாய்கள் மலையிலிருந்து இறங்குவதை நேரில் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது.

தெற்குப் பாதையில் உங்கள் காலத்துக்கு ஒரே ஊர்தான், ஸ்ரீவில்லிபுத்தூர். செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினால் திருமங்கலம், விருதுநகர், சிவகாசி தாண்டி வரும். ஆண்டாள் கோயில் கோபுரம்தான் தமிழக அரசு முத்திரையில் இருப்பது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊரில் சிலர் மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம் என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டையும் பார்த்தவர்களாக நீங்கள் தீர்ப்பு சொல்லலாம். பால்கோவா சூடாகக் கிடைக்கும் கடையில் வாங்கி அங்கேயே தின்றுவிடுங்கள். மதுரை வெயிலில் அது வீடு வந்து சேர்வதற்குள் வேறு பொருளாகிவிடும். பகல் பொழுதில் பாதிதான் இதற்கு ஆகும்.

"அப்போ குற்றாலம்?" என்பீர்கள். மே மாதத்தில் போகாதீர்கள். பாறையைத்தான் பார்ப்பீர்கள், அல்லது ஒரு கோடை மழைக்குத் திடீரென்று வெள்ளம் வரும். மேற்குத் தொடர்ச்சி மலை நமக்குத் தென்மேற்குப் பருவமழையை மறைக்கும் சுவர். செங்கோட்டைப் பக்கம் அந்தச் சுவரில் ஓர் இடைவெளி. ஜூனில் கேரளாவில் மழை பிடித்ததும் அந்த இடைவெளி வழியாகக் காற்றும் சாரலும் தென்காசிக்கு வந்துவிடும், மதுரையில் நாம் அனலில் கிடப்போம். அதனால் ஜூன் கடைசியில், கவுன்சலிங்குக்குக் காத்துக்கொண்டிருக்கும் நாட்களில் வீட்டோடு போங்கள். இது மட்டும் பெரியவர்களோடு. சீசனில் அருவியில் பெண்கள் பக்கமும் நெரிசல்தான். செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகும் மலைப்பாதை, அதில் 1904 காலத்துப் பதின்மூன்று கண் பாலம் எல்லாம் இருக்கின்றன. குருவாயூர் எக்ஸ்பிரஸ் பகலில் அந்த மலையைக் கடக்கும். ஆனால் அன்றே திரும்ப முடியாது.

வடக்கே திண்டுக்கல். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திண்டு மாதிரி இருக்கும் கல், அதனால் அந்தப் பெயர். மேலே நாயக்கர் கட்டிய கோட்டை, பிறகு ஹைதர் அலி இருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். அப்புறம் பிரியாணி. பிரியாணிக்காகத்தான் போகிறோம் என்று வீட்டில் சொல்ல வேண்டாம்.

கொடைக்கானல் கேட்டவளுக்குக் கோபம் வந்திருக்கும். ஆரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம், திரும்ப நாலு மணி நேரம். மே மாத ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளி அருவிப் பக்கம் வண்டிகள் நிற்கும் நிற்பில் அதுவும் நிச்சயமில்லை. ஒரு வருஷம் நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு அந்த வரிசையில் ஐந்து மணி நேரம் நின்றிருக்கிறேன், ஏரியைப் பார்த்தது இருட்டில். உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் சொந்த வண்டி, வாடகை வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. கட்டாயம் போக வேண்டும் என்றால் ஏப்ரல் முதல் பாதியில், வாரநாளில், விடியற்காலை முதல் பஸ்ஸில் போங்கள். ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் என்றால் ஏரியைச் சுற்றி நடப்பேன், வேறெங்கும் போக மாட்டேன். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் பிடுங்குவார்கள், ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காசே செலவாகாத பயணமும் உங்களுக்கு உண்டு, அது பையன்களுக்குக் கிடையாது. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மதுரையைச் சுற்றி உள்ள பாதி வரலாறு டவுன் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. ராமேஸ்வரம் ரோட்டில் சிலைமான் தாண்டிக் கீழடி. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். தங்கத்தையும் தாயக்கட்டையையும் விட அங்கே எனக்குப் பிடித்தது பானை ஓடுகள். 'குவிரன் ஆதன்' என்று ஒருவர் தன் பானையில் பேர் கீறி வைத்திருக்கிறார், ஹாஸ்டலில் நீங்கள் டம்ளரில் எழுதப் போகிற மாதிரி. இந்த இடத்துக்கு உச்சி வெயிலில் போகலாம், கூரை இருக்கிறது.

சமணர் மலைக்கும் அரிட்டாபட்டிக்கும் அப்படிப் போக முடியாது. விடியற்காலை ஆறு மணிக்கே அடிவாரத்தில் இருக்க வேண்டும், ஒன்பதுக்கு இறங்கிவிட வேண்டும். கீழக்குயில்குடியில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம், பக்கத்திலேயே படி. மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அரிட்டாபட்டி மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும், பஸ் குறைவு, ஒருத்தியின் அப்பாவையாவது காலையில் கொண்டுவிடச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருஷத்தில் டங்ஸ்டன் சுரங்கம் என்று பேச்சு வந்து, ஊர்க்காரர்கள் மதுரை வரை ஊர்வலமாக வந்ததையும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கே பிராமி எழுத்து இருக்கிறது, பாண்டியர் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது, மேலே வல்லூறு சுற்றும். கத்தினால் பறந்துவிடும்.

சித்திரைத் திருவிழா வாரத்தில் எங்கேயும் போகாதீர்கள். உலகமே இங்கே வரும்போது நாம் ஏன் வெளியே போக வேண்டும்? இதுவரை சித்தி வீட்டு மாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள். இந்த வருஷம், வருகிற அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை பகலில் நடந்து பாருங்கள், மண்டகப்படிக்கு மண்டகப்படி மோரும் பானகமும் கிடைக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் அந்த விடியற்காலை நெரிசலுக்குள் மட்டும் நாலு பேராகப் போக வேண்டாம்.

வீட்டில் எப்படிக் கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்கள் பெரிய கேள்வி என்று எனக்குத் தெரியும். "டூர் போறோம்பா" என்று வாயால் சொல்லாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த ரயில், எத்தனை மணி, எங்கே சாப்பாடு, திரும்பும் ரயில், அது தவறினால் எந்த பஸ், நாலு பேர் அம்மா நம்பர். அந்தக் கடைசி வரியில்தான் அப்பாக்கள் விழுவார்கள். லொகேஷன் ஷேர் போட்டுவிடுங்கள், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே ஒரு மெசேஜ் போடுங்கள். 112, பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் ஏதாவது என்றால் 139.

பைக், ஸ்கூட்டி பேச்சு வந்தால் அதை அங்கேயே வெட்டுங்கள். லைசென்ஸ் இல்லாத வயதில் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 25,000 ரூபாயும் சிறையும் அப்பாவுக்குத்தான் வரும், 2019-இலிருந்து சட்டம் அப்படி.

தண்ணீரைப் பற்றி இன்னொரு தடவை சொல்கிறேன், கிழவி புலம்புகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பரீட்சை முடிந்த விடுமுறையில் நம் பக்கத்துப் பிள்ளைகள் போவது பெரும்பாலும் அணையிலும் கண்மாயிலும் கல்குவாரிக் குட்டையிலும்தான். கரையில் முழங்கால் அளவு, இரண்டடி தள்ளி இருபது அடி. நீச்சல் தெரியாதவளைக் காப்பாற்ற நீச்சல் தெரியாதவள் குதிப்பாள். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். பாசஞ்சரில் கழிப்பறை உண்டு, இறங்குவதற்கு முன் போய்விட்டு இறங்குங்கள். ராமேஸ்வரத்தில் அரிச்சல்முனைக்குக் கிளம்பும் முன் சாப்பிடும் ஓட்டலிலேயே போய்விடுங்கள். நாப்கின், சோப்புத் தாள், பழைய செய்தித்தாள் நாலு பேருக்கும் பொதுவாக ஒரு பையில். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு குடை. தொப்பி போதாது.

சாப்பாடு காலைக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொள்ளுங்கள். புளியோதரை தாங்கும், தயிர்சாதம் பதினொரு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். வழியில் நுங்கு, பதநீர், மோர் எது கிடைத்தாலும் வாங்குங்கள்.

கணக்கு என் மதிப்பில் இப்படி வரும்: ராமேஸ்வரம் ஆளுக்கு ஐந்நூறு, போடி முந்நூற்றைம்பது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோடு முந்நூறு, திண்டுக்கல் பிரியாணியைப் பொறுத்தது. கீழடி, சமணர் மலைக்கு டீச்செலவும் நுழைவுச்சீட்டும்தான். லோயர் கேம்பும் போனால் இன்னொரு நானூறு. எல்லாம் போனாலும் கையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் நிற்கும். அதில் ஐந்நூறை ஒருத்தி பையில் தனியாக, நோட்டாக வையுங்கள். போனில் பணம் இருக்கிறது என்று நம்பி தனுஷ்கோடியில் சிக்னல் இல்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆதார் அட்டை அசலாக இருக்கட்டும்.

ராமேஸ்வரம் போகும் அன்று நீட் எழுதிய பிள்ளைக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிடுங்கள். உச்சிப்புளி தாண்டும் வரை பரீட்சையைப் பற்றி யாரும் அவளிடம் கேட்க வேண்டாம். அதற்கப்புறம் அவளே பேசினால் பேசட்டும், மண்டபம் வந்துவிட்டால் அவளுக்கும் வேறு பேச்சு இருக்காது.